சருகும் சிறகும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், திருப்பூரில் நிகழ்த்தப்பெற்ற உரை)

கவிதைக்குள் ஒரு பட்டாம்பூச்சி வந்தால், பக்கத்திலேயே ஒரு பூவும் வந்துவிடுகிறது. வண்ணம், மென்மை, விடுதலை என்ற சொற்கள் பின்தொடர்கின்றன. ஆனால் பூவை நாடாத, வண்ணத்தை மறைத்துக்கொள்கிற பட்டாம்பூச்சிகளும் உண்டு. அவற்றைப் பற்றியதே இவ்வுரை.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் கல்லிமா ஹார்ஸ்ஃபீல்டி என்னும் இலைப் பட்டாம்பூச்சி வாழ்கிறது. சிறகை விரித்தால் நீலம். மூடினால் காய்ந்த இலை. முன்சிறகின் கூர்முனை இலை நுனியாகிறது. பின்சிறகின் வால் காம்பாகிறது. இரண்டையும் இணைத்து நடுநரம்பைப் போல ஒரு கோடு ஓடுகிறது. மரத்தில் வடியும் சாறும் அழுகிய கனியுமே இதற்கு விருப்ப உணவு.

அந்த நீலம் சாயத்தால் வந்ததன்று. சிறகுச் செதில்களின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்பும்போது பிறப்பது. சாயத்தின் விலையை இவ்வூர் நன்கறியும். கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டதையும், நொய்யல் பட்ட பாட்டையும் அறிந்தவர்களுக்கு, சாயமின்றிப் பிறக்கும் ஒரு நீலம் வெறும் அழகுச் செய்தியாக இராது.

ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் சுமத்திராவில் இவ்வினத்தின் உறவொன்றைத் துரத்தித் திரிந்தார். சருகுகளிடையே பறந்து சென்று புகுந்த பூச்சி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமற் போயிற்று. 1869இல் வெளிவந்த தமது மலாய்த் தீவுக்கூட்ட நூலில் அதை எழுதியபோது அவர் ஒன்றைக் குறித்து வைத்தார்: இலையின் அழிவில் எத்தனை படிநிலைகள் உண்டோ, அத்தனையும் இச்சிறகுகளில் உண்டு. பூஞ்சை படிந்தது போன்ற புள்ளிகளைக் கண்டு, சிறகிலேயே பூஞ்சை பிடித்துவிட்டதோ என ஐயுறத் தோன்றும் என்றார்.

இத்தகைய வடிவம் ஒரே பாய்ச்சலில் தோன்றியிருக்க வேண்டும் என்று 1945இல் ரிச்சர்ட் கோல்ட்ஷ்மிட் வாதிட்டார். 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் உறவினங்களின் சிறகுக் கோலங்களை ஒப்பிட்டு, அது படிப்படியாக அமைந்ததென்று காட்டினர். இலையைப் பார்த்து வரைந்த கை எதுவுமில்லை. சற்றே இலைபோல் இருந்தது சற்றே தப்பியது. திருத்தியது பறவையின் கண்.

இதைக் காண மலையேற இயலாதவர்க்கு ஊருக்குள்ளேயே ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ஈவினிங் பிரவுன் எனப்படும் அந்திப் பட்டாம்பூச்சி அது. புல்லும் நெற்பயிரும் இதன் புழுவுக்கு உணவு. பகலில் சருகுகளிடையே ஒடுங்கி, அந்தியில் பறக்கும். மழைக்காலத்தில் பிறப்பவற்றின் சிறகடியில் கண்போன்ற வட்டங்கள் தெளிவாயிருக்கும். வறண்ட காலத்தில் பிறப்பவற்றில் அவை சுருங்கி மறைய, சிறகு முழுச் சருகாகிவிடும். அச்சருகுகளிலும் ஒன்றுபோல் மற்றொன்று இருப்பதில்லை. புழு வளரும் காலத்துச் சூழலே எந்த உடை என்பதை முடிவு செய்கிறது.

ஆனால் இந்த வேடம் தனித்து நிற்கவல்லதன்று. பின்னலாடை நிறுவனத்தின் வெள்ளையடித்த சுவரில் அந்திப் பட்டாம்பூச்சி அமர்ந்தால், எல்லார் கண்ணிலும் படுகிறது. பெருக்கித் தள்ளப்படும் சருகு குப்பையன்று, அதன் மறைவிடம். சருகுக்கும் இடமில்லாத ஊரில் எத்துணைத் திறமான சிறகும் காப்பாற்றாது. வேலியோரப் புல்லும் உதிர்ந்த இலையும் எஞ்சும்வரைதான் இவ்வூரில் அந்தப் பறத்தலும் எஞ்சும்.

குறுந்தொகையின் இரண்டாம் பாடலில் தலைவன் தும்பியிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறான். தனக்கு உவப்பானதைச் சொல்ல வேண்டாம், கண்டறிந்ததைச் சொல் என்பது அது. கேட்பவன் காதலன், ஆயினும் அவன் கேட்டது முகமனன்று, சான்று. பூவோடும் வண்ணத்தோடும் வரும் பட்டாம்பூச்சி பெரும்பாலும் உவப்பிற்காக எழுதப்படுவது. சுவரோரம் சருகாய்க் கிடப்பது, குனிந்து பார்த்தவர்க்கு மட்டுமே கவிதையாகும். பத்தாண்டு நிறைந்த வட்டத்தின் பதினோராம் ஆண்டுக் கவிதைகளில் அப்படிக் குனிந்து கண்டவை சில இடம்பெறட்டும்.