பொலிஸார் எங்கே நிற்க வேண்டும்?

(கதிரவெளியில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே, தாய்மாரே,

வழக்கமாகச் சம்பளம், சேமலாப நிதி என்றுதான் நாங்கள் கூடுவோம். இன்று தெருவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வேலைத்தலத்தில் ஒருவர் இறந்தால் நட்டஈடு கேட்கிறோம். வேலைக்குப் போகிற வழியில் இறப்பவரும் எங்கள் ஆள்தான்.

2025 மே 11 அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன இ.போ.ச. பஸ் கொத்மலை கரண்டியெல்லப் பகுதியில் பள்ளத்தில் விழுந்தது. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த பஸ்ஸில் இருக்கைகளைவிட ஆட்கள் கூட. நான்கு மாதம் முடியுமுன், செப்டெம்பர் 4 இரவு, எல்ல - வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் விழுந்து 15 பேர் போனார்கள்.

"அது மலை, வளைவு. இங்கே தெரு நேராகத்தானே போகிறது" என்பீர்கள். அந்த நேர்தான் இங்கே ஆபத்து. யுத்த காலத்தில் மட்டக்களப்பு - திருகோணமலை வீதியால் போய்வருவதே பெரும்பாடு. இன்று காபெட் வீதி. வாகரை, கதிரவெளி, வெருகல் என்று இரவு பஸ்ஸும் லொறியும் பறக்கின்றன. அதே வீதியில், பொழுதுபட்ட பிறகு, பின்விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டியில் எங்கள் பெண்கள் வேலை முடிந்து வருகிறார்கள். போதாததற்கு மாடுகள். கறுப்புத் தாரில் கறுப்பு மாடு படுத்திருந்தால் கிட்ட வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

பொலிஸார் எப்போது நிற்கிறார்கள்? காலை பத்து மணிக்கு, சந்தியில், மர நிழலில். ஹெல்மெட் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். பெட்ரோல் டாங்கியின் மேல் பிள்ளையை இருத்தி, வெறுந்தலையோடு ஓடுகிற தகப்பனை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் இருட்டின பிறகு குடித்துவிட்டு ஓடுகிறவனை, வேகமாய் வருகிற பஸ்ஸை, விளக்கில்லாத பெட்டியை மறிக்க யார் இருக்கிறார்கள்? உயிர் போகிற இடத்திலும் நேரத்திலும் சோதனை நடக்க வேண்டும். எங்கள் கோரிக்கை இதுதான்.

தண்டம் யாருடைய தலையில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். விளக்கில்லாத பெட்டியை அனுப்பினவர் வீட்டில் இருக்கிறார். பிடிபடுவது நாட்கூலிச் சாரதி. அனுமதிப்பத்திரம் இல்லாதவரைச் சாரதியாக வைத்திருப்பது உரிமையாளரின் குற்றம். அந்தக் குற்றமும் அடங்கலாகச் சிலவற்றுக்குக் குறைந்தது 25,000 ரூபா தண்டம் என்று 2016 இறுதியில் அரசாங்கம் சொன்னபோது, தனியார் பஸ்கள் வேலைநிறுத்தமே செய்தன. வலிக்கிற இடம் எது என்று அவர்களுக்குத் தெரியும்.

தண்டச் சீட்டுத் தந்தால் வாங்குங்கள். 14 நாளுக்குள் தபாலகத்தில் கட்டலாம். தவறினால் 28 நாள்வரை இரட்டிப்பு, அதற்குப் பிறகு நீதிமன்றம். தெருவில் கையில் காசு கொடுக்காதீர்கள். நூறு ரூபாவோடு முடிந்தது என்று நினைப்போம். முடிவது சோதனைதான், விளக்கில்லாத பெட்டி அடுத்த நாளும் அப்படியே வரும்.

எங்களிலும் பிழை இருக்கிறது. இடமில்லை என்றாலும் "ஏறு, ஏறு" என்று கையைப் பிடித்து இழுக்கிறோம். பெட்டி விளிம்பில் காலைத் தொங்கப் போடுகிறோம்.

பொலிஸ் பொறுப்பதிகாரிக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறோம். மாலை ஆறு மணிக்குப் பிறகு சோதனை, ஆட்களை ஏற்றுகிற பெட்டிகளுக்கு விளக்கும் ஒளிதெறிக்கும் பட்டியும், சாரதியோடு உரிமையாளர் மீதும் வழக்கு. மூன்றையும் கேட்டிருக்கிறோம். கடிதம் மேசையில் இருக்கிறது. போகுமுன் ஒப்பம் வையுங்கள். பெட்டியில் வருகிற பெண்கள் முதலில் வாருங்கள்.