மேற்பார்வை செய்யக் கற்றல்



முப்பத்தைந்து ஆண்டுகளைப் பள்ளிகளிலேயே கழித்தவன் நான். அவற்றுள் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்தேன். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் ஆண்டிலேயே நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லித்தான் இன்றைய பேச்சைத் தொடங்க வேண்டும்.

புதிதாகப் பணியில் சேர்ந்திருந்த கணித ஆசிரியர் ஒருவரின் வகுப்பைப் பார்வையிடச் சென்றேன். மாணவர்களோடு கடைசிப் பெஞ்சில் அமர்ந்துகொண்டேன். அன்று இருபடிக் கோவைகளைக் காரணிப்படுத்தும் பாடம். மூன்றாம் வரியில் கூட்டல் குறிக்குப் பதிலாகக் கழித்தல் குறி விழுந்துவிட்டது. விடை வரவில்லை. அந்த இளைஞர் கரும்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். அரை நிமிடம் கழிந்திருக்கும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து சென்று, அவர் கையிலிருந்த சுண்ணக்கட்டியை வாங்கிக் கணக்கை நானே முடித்தேன். நன்றாக முடித்துவிட்டோம் என்ற பெருமிதம் வேறு! மறுநாள் முதல் அந்த வகுப்பு அவருக்கு அடங்கவில்லை. பையன்கள் அவருக்குச் சூட்டிய பட்டப்பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. நான் நல்ல கணித ஆசிரியன் என்று பெயர் பெற்றவன். அந்தத் திறமையே அன்று என்னைக் கெட்ட மேற்பார்வையாளன் ஆக்கிற்று.

மறந்திருந்த இந்நிகழ்ச்சியை அண்மையில் எனக்கு நினைவூட்டியவர் என் பழைய மாணவி ஒருவர். அவர் மனநல ஆலோசகராகப் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றியவர். இளம் ஆலோசகர்கள் ஐவரை அவருடைய மேற்பார்வையில் ஒப்படைத்திருக்கிறார்கள். “ஐயா, துன்பப்பட்டு வருகிறவரிடம் பேச எனக்குத் தெரியும். அவரிடம் பேசுகிறவரிடம் என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. நீங்கள் எத்தனையோ ஆசிரியர்களை மேற்பார்த்தவராயிற்றே” என்று கேட்டார். அக்கேள்விக்காகத் தேடிப் படித்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

ஆலோசனை என்பது மூடிய அறைக்குள் நடக்கும் பணி. வகுப்பறைக்குச் சன்னல் உண்டு. தாழ்வாரத்தில் நடந்து போகும் தலைமையாசிரியர் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம். ஆலோசனை அறைக்கு அதுவும் கிடையாது. மனத்துயரோடு வந்தவர் சொல்வதை வெளியே விடக்கூடாது என்பது அத்தொழிலின் முதல் விதி. ஆயின், உள்ளே நடப்பது முறையாக நடக்கிறதா என்று யார் அறிவது? இதற்காகவே ஆலோசகர் அனுபவம் மிக்க மற்றொருவரைக் குறித்த இடைவெளியில் சந்தித்து, தாம் செய்ததைச் சொல்லி, ஆராய்ந்து, திருத்திக்கொள்கிறார். வருகைப் பதிவேட்டைச் சரிபார்க்கும் அலுவலக மேற்பார்வை வேறு, இது வேறு. பிரிட்டனில் ஆலோசகர்களின் பெரிய சங்கத்தில் அங்கீகாரம் பெற்ற உறுப்பினர், தொழிலில் எத்தனை ஆண்டு பழகியவராயினும், மாதத்திற்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் இத்தகைய மேற்பார்வை பெற வேண்டும். தலைமுடி நரைத்தவருக்கும் விலக்கு இல்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது.

இதன் வரலாறு நூறாண்டுக்கு மேற்பட்டது. 1920இல் மாக்ஸ் ஐட்டிங்கன் முதலியோர் பெர்லின் நகரில், பொருள் இல்லாதவரும் சிகிச்சை பெறும்படி, உளப்பகுப்பாய்வு மருத்துவமனை ஒன்றைத் திறந்தனர். அங்கே பயிற்சிக்கு வந்தவர்களுக்கு மூன்று கடமைகள் வகுக்கப்பட்டன: தாமே பகுப்பாய்வுக்கு உட்படுதல், பாடங்களைக் கற்றல், மூத்தவர் கண்காணிப்பில் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தல். புடாபெஸ்ட் நகரத்து அறிஞர்களோ, பயிற்சி பெறுபவரின் மனத்தைப் பகுத்தாய்பவரே அவருடைய முதல் சிகிச்சையையும் கண்காணிப்பது நன்று என்றனர். ஒருவருடைய மனப்புண்ணை ஆற்றுகிறவரும் அவருடைய வேலையைச் சரிபார்க்கிறவரும் ஒருவராகவே இருக்கலாமா? அன்று எழுந்த இவ்வழக்கு இன்றும் முற்றிலும் தீரவில்லை. இதற்குப் பிறகு வருகிறேன்.

வியப்பு என்னவென்றால், மேற்பார்வை வேண்டும் என்று இவ்வளவு முன்னரே கண்டவர்கள், மேற்பார்வையாளருக்கும் பயிற்சி வேண்டும் என்பதை நெடுங்காலம் எண்ணிப் பார்க்கவில்லை. பல ஆண்டு பழகியவர்க்கு அது தானாக வந்துவிடும் என்று கொண்டார்கள். தலைமையாசிரியர் விஷயத்தில் நம் நாட்டில் இன்றும் அப்படித்தானே கொள்கிறோம்! எட்வர்டு வாட்கின்ஸ் என்ற அமெரிக்க உளவியலார் 1990களில், மேற்பார்வையாளரும் படிப்படியாக வளர்கிறவரே என்று எடுத்துக்காட்டினார். அவர் கூறும் முதற்படியின் பெயர் ‘அதிர்ச்சி’. நேற்றுவரை தேர்ந்தவராக இருந்தவர் இன்று திடீரென்று ஒன்றும் அறியாதவராக உணர்கிறார். தட்டுத்தடுமாறி மீண்டு, நிலைபெற்று, பின்னரே தேர்ச்சி அடைகிறார். அந்த முதற்படியில் நிற்கிறவர் நடுக்கத்தை மறைக்க எதைக் கைப்பற்றுவார்? தமக்கு நன்கு தெரிந்த பழைய வேலையைத்தான். நான் சுண்ணக்கட்டியைப் பற்றியது போல.

ஒரு கற்பனை உரையாடலைக் கேளுங்கள். இளம் ஆலோசகர் சொல்கிறார்: “கல்லூரி மாணவி ஒருத்தி மூன்று வாரமாக வருகிறாள். பேசுவதில்லை, அழுதுகொண்டே இருக்கிறாள்.” பயிற்சி இல்லாத மேற்பார்வையாளர் உடனே விசாரணையில் இறங்குவார். வீட்டில் யார் யார், தேர்வில் என்ன மதிப்பெண், உறக்கம் உண்டா என்று அடுக்கி, அடுத்த வாரம் இன்னின்னது கேளுங்கள் என்று எழுதிக்கொடுத்து அனுப்புவார். அவர் சொன்னது அத்தனையும் சரியாகவே இருக்கலாம். ஆயினும், தாம் கண்ணால் காணாத பெண்ணுக்கு இன்னொருவர் வாய் வழியே சிகிச்சை செய்ய முயன்றிருக்கிறார். எதிரே அமர்ந்திருக்கும் ஆலோசகர் கற்றது யாதொன்றும் இல்லை.

பயிற்சி பெற்றவர் கேட்பது வேறு: “அவள் அழும்போது உங்களுக்கு என்ன நேர்கிறது?” ஆலோசகர் சற்று யோசித்துச் சொல்கிறார்: “அழுகையை நிறுத்திவிட வேண்டும் போல இருக்கிறது. அதனால் கேள்வி மேல் கேள்வி கேட்கிறேன்.” அந்தப் பெண் பேசாததன் காரணத்தில் ஒரு பகுதி இப்போது மேசைமேல் வந்துவிட்டது.

இங்கே மற்றொரு பள்ளமும் உண்டு. “அழுகையைக் கண்டால் எனக்கு என் தாயாரின் நினைவு வருகிறது” என்று ஆலோசகரே கண் கலங்கினால்? பதினைந்து ஆண்டு துயர் கேட்டுப் பழகிய கை துறுதுறுக்கும். பெர்லினும் புடாபெஸ்டும் வாதிட்ட இடம் இதுவே. இன்றைய பயிற்சிகளில் பெரும்பாலும் சொல்வது, அந்தத் துயரம் அறைக்குள் வரும் மாணவியை எவ்வளவு தொடுகிறதோ அவ்வளவு தூரம் பேசு. அதற்கு மேல் வேண்டுமானால் வேறோர் ஆலோசகரிடம் செல்லச் சொல் என்பது. ஜெனின் பெர்னார்டு என்ற அம்மையார் 1979இல், மேற்பார்வையாளர் சில வேளை ஆசிரியர், சில வேளை ஆலோசகர், சில வேளை கலந்தாய்வுத் துணைவர் என்று மூன்று வேடங்களை வகுத்தார். எந்த வேளைக்கு எந்த வேடம் என்று அறிவதே பயிற்சி.

கேள்வி கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் போதுமா என்றால், போதாது. அந்த மாணவி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை வெளியிட்டிருக்கிறாள், ஆலோசகர் அதன் கனத்தை உணரவில்லை என்று தெரிந்தால், மேற்பார்வையாளர் அந்தக் கணமே தலையிட்டு, இன்னது செய்யுங்கள் என்று ஆணையிட வேண்டும். அங்கே நாகரிகம் பார்ப்பது குற்றம். சுண்ணக்கட்டியை வாங்கியே ஆகவேண்டிய வேளை அது. அவ்வேளையையும், குறி தவறி நின்ற என் இளம் ஆசிரியரின் வேளையையும் பிரித்தறிவது புத்தகத்தால் மட்டும் வராது. (உங்களுக்கோ உங்கள் தோழர்க்கோ அத்தகைய துன்பம் நேருமாயின், 2022இல் தொடங்கப்பெற்ற 14416 என்னும் தேசியத் தொலைபேசி எண்ணை எந்நேரத்திலும் அழைக்கலாம், கட்டணம் இல்லை.)

ஆலோசகர் சொல்வதை மட்டும் நம்பி மேற்பார்வை செய்யலாமா என்பது அடுத்த சிக்கல். மனிதர் தாம் செய்ததைச் சொல்வது ஒன்று, செய்தது ஒன்று. கார்ல் ரோஜர்ஸ் 1940களின் தொடக்கத்தில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆலோசனைப் பேச்சுகளை இசைத்தட்டுகளில் பதிவு செய்தார். சில நிமிடங்களுக்கு ஒருமுறை தட்டை மாற்ற வேண்டிய காலம் அது. ஒரு முழு ஆலோசனையின் எழுத்து வடிவத்தை 1942இல் தம் நூலிலும் வெளியிட்டார். தாம் அதிகம் பேசாமல் கேட்பதாக நம்பிய ஆலோசகர்கள், தட்டைச் சுழலவிட்டுக் கேட்டபோது தங்கள் குரலையே மிகுதியாகக் கேட்டிருக்க வேண்டும்!

1960களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நார்மன் கேகன் ஒரு படி மேலே சென்றார். பதிவான படத்தை ஓடவிட்டு, எந்த இடத்திலும் நிறுத்தும் உரிமையை ஆலோசகர் கையில் கொடுத்தார். அருகிருப்பவர் குற்றம் காண்பதில்லை, கற்பிப்பதும் இல்லை. “அந்தக் கணத்தில் உங்களுக்கு என்ன தோன்றியது? சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது ஏதும் உண்டா?” என்று மட்டும் கேட்பார். கேட்பதற்கு எளிது. நான் வீட்டில் பேரனோடு முயன்று பார்த்தேன். இரண்டாம் கேள்விக்குள் புத்தி சொல்லத் தொடங்கிவிட்டேன்.

ஹெரால்டு சேர்ல்ஸ் 1955இல் கண்டு எழுதிய செய்தி இன்னும் நுட்பமானது. ஆலோசனை அறையில் நடப்பது மேற்பார்வை அறையிலும் தன்னையறியாமல் நிழலாடுகிறது என்றார். உதவி கேட்டு வந்தவர் எந்த யோசனையையும் ‘அது சரிவராது’ என்று தள்ளுகிறார். அதே ஆலோசகர் மேற்பார்வையாளர் முன் அமர்ந்து, அவர் சொல்லும் ஒவ்வொன்றையும் ‘அது சரிவராது’ என்று தள்ளுகிறார். எரிச்சல் கொள்ளும் மேற்பார்வையாளர், அந்த எரிச்சலையே ஒரு செய்தியாகக் கொண்டு படிக்கக் கற்க வேண்டும். ஆனால் கண்ணில் பட்டதையெல்லாம் நிழல் என்று சொல்லித் தம் பிழையை மூடிக்கொள்வதும் நடக்கக்கூடியதே.

எல்லாவற்றிலும் என்னைத் தைத்தது 1996இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. பயிற்சியில் இருந்த 108 பேரைக் கேட்டதில், நூற்றுக்கு 97 பேர் மேற்பார்வையாளரிடம் ஏதோ ஒன்றைச் சொல்லாமல் மறைத்ததாக ஒப்புக்கொண்டனர். மறைத்தவற்றுள் மேற்பார்வையாளர் மீது கொண்ட கசப்பு உண்டு. தாங்கள் செய்த தவறுகளும் உண்டு. மறைக்காமல் என்ன செய்வார்கள்? தகுதிச் சான்று எழுதுகிறவரும் அவரே அல்லவா? தகுதியற்றவரைத் தடுத்து நிறுத்துவது அவருடைய கடமை. நடுங்கி நிற்பவருக்கு இடம் கொடுப்பதும் அவருடைய கடமை. ஆதலின் எதை எதை வைத்து மதிப்பிடுவேன் என்பதை முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். இரண்டு கடமைகளையும் இது முற்றிலும் சமாதானப்படுத்திவிடும் என்று நான் நம்பவில்லை, ஓரளவு உதவும்.

நல்ல பயிற்சிகளில் மேற்பார்வையாளர் தாம் செய்யும் மேற்பார்வையையே பதிவு செய்து, மூத்தவர் ஒருவரிடம் கொண்டு செல்கிறார். மேற்பார்வைக்கும் மேற்பார்வை! ஏட்டுப் பாடம், சட்டம், தொழில் ஒழுக்கம் எல்லாம் உண்டு. எனினும் இந்தப் பதிவு கேட்டலே உயிர்நாடி என்று தோன்றுகிறது. என் மாணவிக்கும் இதைத்தான் சொன்னேன். அவர் தம் முதற் பதிவை மூத்த தோழி ஒருவரோடு சேர்ந்து கேட்டாராம். ஐம்பது நிமிடத்தில் முப்பத்தாறு நிமிடம் இவரே பேசியிருந்தாராம். சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் மறுவாரம் இருபத்தொன்றாகக் குறைந்தது என்று கணக்கும் சொன்னார்.

எனக்கு அந்தக் கணித ஆசிரியரின் நினைவு வந்தது. அன்று மாலை அவரை அறைக்கு அழைத்து, குறிகளில் கவனம் வேண்டும் என்று கால் மணி நேரம் பேசினேன். அவர் “சரி ஐயா” என்றார். கரும்பலகை முன் நின்ற அந்த அரை நிமிடத்தில் அவருக்கு என்ன தோன்றியது என்று நான் கேட்கவில்லை. அடுத்த ஜூன் மாதம் அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு மாவட்டத்திற்குச் சென்றுவிட்டார்.