மீண்டும் அடைபடும் இருதயக் குழாய்



நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதியின் எல்லையூர்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இவ்வூர்கள் கேரளத்தில் நின்றன. ஆயினும் நெஞ்சுவலிக்கு எல்லையின் இருபுறத்தாரும் திருவனந்தபுரம் செல்கின்றனர். பிழைப்பை நாடி மும்பைக்கோ டில்லிக்கோ சென்றவர் அங்கே சிகிச்சை பெற்று ஊர் திரும்புவதும் உண்டு. சில மாதங்களில் வலி மீண்டும் வருமானால், திறந்த குழாய் ஏன் அடைபட்டது என்று வீட்டார் திகைக்கின்றனர்.

1977-ஆம் ஆண்டு சூரிச் நகரில் கிரூன்ட்சிக் என்னும் மருத்துவர் சிறு பலூனைச் செலுத்தி இருதயக் குழாயை முதன்முதலாக விரித்தார். விரிக்கும்போது குழாயின் உட்சுவர் காயமுறுகிறது. காயத்தை ஆற்ற எழும் தசையணுக்கள் அளவு மீறிப் பெருகினால் வழி மீண்டும் குறுகும். பலூன் மட்டும் பயன்பட்ட காலத்தில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இவ்வாறு நேர்ந்தது. ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழல் இதனைக் குறைத்தது, ஒழிக்கவில்லை.

பெருகும் அணுக்களைக் கதிரியக்கம் தடுக்கும். ஆதலின் ஸ்ட்ரான்ஷியம்-90, இரிடியம்-192 போன்ற பொருள்களை மெல்லிய குழாய் வழியே அடைப்புள்ள இடத்திற்குச் செலுத்தி, சில நிமிடங்கள் நிறுத்தி, வெளியே எடுத்துவிடும் முறை தோன்றியது. உடலில் கதிர்ப்பொருள் எதுவும் எஞ்சாது. 2000-ஆம் ஆண்டு அமெரிக்க அரசு இதற்கு அனுமதி அளித்தது.

ஆனால், மிகுதியான வளர்ச்சியைத் தடுத்த கதிரே, தேவையான ஆறுதலையும் தாமதப்படுத்தியது. ஆறாத இடத்தில் பல மாதங்கள் கழித்தும் இரத்தம் திடீரென உறையக்கூடும். ஆகவே உறைதலைத் தடுக்கும் மாத்திரைகளை நெடுநாள் உட்கொள்ள நேர்ந்தது. 2003-இல் மருந்து பூசிய ஸ்டென்ட் அமெரிக்காவில் அனுமதி பெற்றபின் கதிர்முறை அருகிற்று. ஸ்டென்டுக்குள்ளேயே அடைப்புத் திரும்பத் திரும்ப வருவோர்க்கு இன்றும் சில இடங்களில் அது கைகொடுக்கிறது.

மருந்து பூசிய ஸ்டென்டும் ஆறுதலைத் தாமதப்படுத்துவதே. ஆதலின் வலி நின்றது என்றோ, ஊருக்குப் போகிறோம் என்றோ மாத்திரையை நாமாக நிறுத்தலாகாது. பல் பிடுங்குவதானாலும் இருதய மருத்துவரைக் கேட்டே செய்க. எந்தக் குழாயில், எந்நாளில், எவ்வகை ஸ்டென்ட் வைத்தனர் என்னும் குறிப்பைப் பயணத்தில் உடன் வைத்திருங்கள். மொழி மாறும் ஊரில் நோயாளிக்காகப் பேசுவது அந்தத் தாளே.