இரண்டு கண்கள் பிரியும் நேரம்



யாருடைய நினைவில் கூடியிருக்கிறோமோ அந்த அம்மையார் வாழ்நாளெல்லாம் விலங்கியல் கற்பித்தவர். நுண்ணோக்கியில் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்துப் படம் வரைந்த மாணவியின் ஏட்டில் கையெழுத்துப் போடமாட்டாராம். அந்தப் பிடிவாதத்துக்கு என் வணக்கமாக, கண்ணால் பார்த்தே அறிய வேண்டிய ஒன்றைப் பேச வந்திருக்கிறேன். ஒரு சின்ன மீனுக்குக் கண் எப்படி உருவாகிறது, மரபணு ஒன்று பழுதானால் அந்த வேலை எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதுதான் அது.

வரிக்குதிரை மீனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வண்ணமீன் கடையில் ‘ஜீப்ரா டேனியோ’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. கங்கை, பிரம்மபுத்திரா படுகைகளின் ஓடைகளில் வாழ்வது. 1822-இல் பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றிய தம் நூலில் இதை விவரித்தார். இதை மரபியல் ஆய்வுக்கு ஆளாக்கியவர் அமெரிக்காவின் ஓரிகான் பல்கலைக்கழகத்து ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர். அவருடைய முக்கியமான கட்டுரை 1981-இல் வந்தது, 1984-இல் மறைந்துவிட்டார். தாம் நட்டது மரமானதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

தாயின் வயிற்றுக்குள் மறைந்து நடப்பதெல்லாம் இந்த மீனில் வெட்டவெளிச்சமாக நடக்கிறது. முட்டை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். உள்ளிருக்கும் கரு கண்ணாடி போலத் தெளிவு. காலையில் விளக்கு எரிந்ததும் மீன்கள் முட்டையிடும். மறுநாள் அதே நேரம் ஒரு முட்டையை எடுத்து லென்ஸின் அடியில் வையுங்கள். வால் துள்ளும். இதயம் தன் முதல் துடிப்புகளைத் தொடங்கியிருக்கும். தலையின் இருபுறமும் கிண்ணம் போல இரண்டு கண்கள். ஒவ்வொரு கிண்ணத்தின் வாயிலும் முத்துப்போல் ஒரு விழிவில்லை. நேற்று இதே நேரம் இது ஒற்றைச் செல். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மேனி சிலிர்க்கிறது. மூன்றாம் நாள் பார்வை வரத் தொடங்கும். ஐந்தாம் நாள் இரையைத் துரத்தும்.

எந்த மரபணு எந்த வேலையைச் செய்கிறது என்று அறிய, ஜெர்மனியின் டூபிங்கனில் கிறிஸ்டியானே நூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் குழுவும், பாஸ்டனில் வோல்ஃப்காங் டிரீவர் குழுவும் ஆண் மீன்களுக்கு வேதிப்பொருள் கொடுத்து மரபணுக்களில் சடுதிமாற்றங்களை உண்டாக்கினார்கள். பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் வரை வளர்த்து, குறை தெரிகிறதா என்று ஒவ்வொரு குஞ்சாகப் பார்த்தார்கள். பெற்றோருக்குக் கண் நன்றாகவே இருக்கும். பழுதான பிரதி இருவரிடமிருந்தும் வந்து சேரும் கால்பங்குக் குஞ்சுகளில்தான் குறை வெளிப்படும். 1996 டிசம்பரில் ‘டெவலப்மென்ட்’ இதழ் முழுவதும் இந்த ஆய்வுகளே நிறைந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிறழ்வுகள். கண்ணே இல்லாத ‘சோக்’ என்ற மீன் வகையும் பின்னர் ஆராயப்பட்டது. அதில் பழுதானது ‘ஆர்எக்ஸ்3’ மரபணு. வங்க மொழியில் கண்ணுக்கும் ‘சோக்’ என்றே பெயர்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது ‘சைக்ளாப்ஸ்’. 1991-இல் ஓரிகானிலிருந்து வெளிவந்த ஒற்றைக்கண் மீன். இடக்கண்ணும் வலக்கண்ணும் தனித்தனியே முளைக்கின்றன என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படியில்லை. முன்மூளைப் பகுதியில் முதலில் அமைவது, கண்ணாகப் போகும் செல்களாலான, நடுவில் ஒரே பட்டை. அதன் அடியில், நடுக்கோட்டில் இருக்கும் செல்கள் முன்னோக்கி நகர்ந்து அந்தப் பட்டையை இரண்டாகப் பிரிக்கின்றன. ‘நோடல்’ என்ற புரதச் சமிக்ஞை பழுதாகிவிட்டால் பிரிப்பதற்கு ஆள் இல்லை. பட்டை பட்டையாகவே நின்று நடுநெற்றியில் ஒரு கண்ணாகிவிடும். ஒரு பட்டை இரண்டாகப் பிரிந்ததுதான் நம் எல்லோருக்கும் நடந்தது. அமெரிக்காவின் ஐடஹோ மலைகளில் ஒரு காட்டுச்செடியைச் சினையின் பதினான்காம் நாளில் தின்ற ஆடுகள் ஒற்றைக்கண் குட்டிகளை ஈன்றன. அந்தச் செடியின் நஞ்சு தடுப்பது இதே தொடரில் சற்றுக் கீழே வரும் ‘ஹெட்ஜ்ஹாக்’ சமிக்ஞையை. மீனுக்கும் ஆட்டுக்கும் ஒரே வழி.

கண் முழுதாக இருந்தும் பார்வை இல்லாத மீன்கள் உண்டு. அவற்றில் ஒன்றின் பெயர் ‘லாக்ரிட்ஸ்’, ஜெர்மன் மொழியில் அதிமதுரக் கறுப்பு மிட்டாய். வெளிச்சம் பட்டால் மற்றக் குஞ்சுகள் வெளிறும். இது மட்டும் கன்னங்கரேல் என்றே இருக்கும், வெளிச்சம் அதற்குத் தெரிவதேயில்லை. விழித்திரையிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகும் செல்கள் ஒன்றுகூடப் பிறக்கவில்லை, ஆகவே பார்வை நரம்பே இல்லை. 2001-இல் காரணம் தெரிந்தது: ‘அடோ7’ என்ற மரபணு. அந்தச் செல்களாக வேண்டியவை சாகவில்லை, விழித்திரையின் வேறு செல்களாக மாறிவிட்டன.

‘பெல்லடோனா’ இன்னும் விசித்திரம். கோடுபோட்ட உருளைக்குள் குஞ்சை வைத்துச் சுற்றினால், ரயில் ஜன்னலில் உட்கார்ந்தவர் கண்போல அதன் கண் கோடுகளைத் தொடர்ந்து போய்ச் சட்டெனத் திரும்பும். பெல்லடோனா குஞ்சுகள் பலவற்றில் கண் எதிர்த்திசையில் ஓடும். மறுபக்கம் கடக்க வேண்டிய நரம்பிழைகள் கடக்காமல் தம் பக்கத்து மூளைக்கே போய்விடுவதுதான் காரணம். விழித்திரை ஒழுங்காக வேலைசெய்தும், சேதி போய்ச் சேர்ந்த வீடு வேறு.

கிண்ணம் என்றேன் அல்லவா, அந்தக் கிண்ணத்தின் அடியில் ஒரு பிளவு இருக்கும். இரத்தக்குழாய் உள்ளே போக, நரம்பு வெளியே வர அதுவே வழி. பிறகு இரு விளிம்பும் நெருங்கி ஒட்டிக்கொள்ள வேண்டும். ‘நோ இஸ்த்மஸ்’ மீனில் ஒட்டுவதில்லை, பழுதானது ‘பாக்ஸ்2ஏ’. மனிதரில் அதன் இணையான ‘பாக்ஸ்2’ பழுதானால் பார்வை நரம்பு தொடங்கும் இடத்தில் பிளவோ குழிவோ தங்கிவிடும். சிறுநீரகங்களும் சிறுத்துப்போகும், மீனிலும் மனிதரிலும் சிறுநீரகத்தைக் கட்டுவதில் அதே மரபணுவுக்குப் பங்குண்டு. பார்வைக் குறையோடு வந்த குழந்தையின் விழிக்குள் இப்படியொரு பிளவைக் கண்ட கண் மருத்துவர் வயிற்றுக்கு ஸ்கேன் எழுதித் தருவார். கண்ணுக்கு வந்தவர்களை ஏன் அங்கே அனுப்புகிறார் என்று தாய் கேட்டால், அவருக்கு விளக்கிச் சொல்லக்கூடிய ஒருவராவது இந்த அரங்கின் மாணவர்களிலிருந்து வரவேண்டும் என்பது என் ஆசை.