கண்மாய் யாருக்குப் பொது?



இயற்கை வளப் பொருளாதாரத்தில் இருபது ஆண்டுகளாக ஆய்வு செய்பவன், பாடம் நடத்துபவன் என்ற முறையில் என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். பொருளாதாரம் படிக்கும் மாணவர்கள் நிறைந்த அரங்கு இது. அதனால் என் முதல் ஆய்வில் நான் செய்த தவறு ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய். அதைத் தூர்வார ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்கு எவ்வளவு கொடுக்க முன்வரும் என்று கேட்டு எழுத வேண்டும். சந்தையில் விலை இல்லாத ஒன்றின் மதிப்பை இப்படிக் கேட்டுக் கணக்கிடுவது எங்கள் துறையில் பழகிய முறை. மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடும் நீர்பாய்ச்சியிடம் கேட்டேன். சேரியைச் சேர்ந்த பெரியவர்.

"நான் மடையத் தெறந்தாத்தான் ஊருக்குத் தண்ணி. அது பாயுற எடத்துல எனக்கு ஒரு குழி நெலமில்ல. மீன் ஏலக் காசு கோயிலுக்குப் போயிரும். அந்தக் கோயிலுக்குள்ள நான் போக முடியாது. நான் எதுக்குத் தம்பி காசு குடுக்கணும்?" என்றார்.

படிவத்தில் பூஜ்யம் என்று எழுதினேன். இப்படிப்பட்ட பூஜ்யங்களை 'எதிர்ப்புப் பதில்' என்று வகைப்படுத்தி, கணக்கிலிருந்து நீக்கிவிடும் வழக்கம் உண்டு. நானும் நீக்கினேன். அந்தக் கண்மாயை அந்த ஊரிலேயே அதிகம் அறிந்தவர், அதன் மதிப்பைச் சொல்லும் என் கணக்கில் இல்லை.

பொதுவளம் என்றாலே எல்லோரும் பேராசையால் அழித்துவிடுவார்கள் என்று 1968இல் எழுதினார் காரெட் ஹார்டின். அப்படி இல்லை, மக்கள் கூடி விதி வகுத்துப் பொதுவளத்தைக் காக்க முடியும் என்று 1990இல் வந்த தம் நூலில் காட்டினார் எலினார் ஆஸ்ட்ரம். பொருளாதார நோபலைப் பெற்ற முதல் பெண் அவர், ஆண்டு 2009. நான் ஆஸ்ட்ரம் பக்கம்தான். ஆனால் அவர் சொல்லும் முதல் விதியைக் கவனியுங்கள்: வளத்தில் யாருக்கு உரிமை என்ற எல்லை தெளிவாக இருக்க வேண்டும். நம் ஊர்களில் அந்த எல்லையை மிகத் தெளிவாக வரைந்து வைத்திருப்பது சாதி. நன்றாகப் பராமரிக்கப்படும் கண்மாய் நியாயமான கண்மாயாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

இதை நமக்கு முதலில் காட்டியவர் ஒரு பொருளாதார அறிஞர். 1923இல் லண்டனில் டி.எஸ்சி. பட்டம் பெற்ற அம்பேத்கர், 1927 மார்ச் 20 அன்று மகாட் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அருந்தினார். எதிர்த்தவர்கள் நீதிமன்றத்தில் என்ன வாதிட்டார்கள் தெரியுமா? அது பொதுக்குளமே அல்ல, தனிச்சொத்து என்றார்கள். பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தீண்டப்படாதார் பக்கம் தீர்ப்பு வர 1937 ஆனது. 'இது யாருடைய சொத்து' என்பதுதான் எங்கள் துறையின் முதல் கேள்வி. மகாடில் அது தெருவில் கேட்கப்பட்டது.

தோழர்களே, புள்ளியியல் கடினம் என்று இந்தத் துறையை விட்டு ஒதுங்காதீர்கள். எந்தப் பதிலை வைப்பது, எதை நீக்குவது என்று முடிவு செய்பவர் அந்த அறைக்குள் இருப்பவர்தான். அந்த எண்களைக் காட்டித்தான் எந்தக் கண்மாய்க்குப் பணம் என்று வாதிடுகிறார்கள். ஆய்வுக்குப் போனால் கடைமடைக்கும் போங்கள், சேரிக்கும் போங்கள். நிலம் யாரிடம், மீன் காசு எங்கே போகிறது, மடை திறப்பவருக்கு என்ன கூலி என்று கேளுங்கள்.

அந்தப் பெரியவர் என் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கவில்லை. என் கேள்வி தவறு என்று சொன்னார். அது எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டாம்.