நடுங்கத் தெரியாத பிள்ளைகள்

கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பின்வரிசை ஜீப் டிரைவர் தம்பிகளே!

ஜனவரியில் நம் மூணாறு செண்டுவரையில் புல் மேல் உறைபனி படிகிறது. நாம் நடுங்குகிறோம், சதை நடுங்கினால் சூடு பிறக்கும். நேற்றுப் பிறந்த பிள்ளை நடுங்குமா? நடுங்காது! பிறகு எப்படிப் பிழைக்கிறது? கழுத்தில், தோள்பட்டைகளுக்கு நடுவில், சிறுநீரகத்தைச் சுற்றி, பழுப்புக் கொழுப்பு இருக்கிறது. வெள்ளைக் கொழுப்பு சேர்த்து வைக்கும், இது எரிக்கும்!

தம்பி, வண்டியை நியூட்ரலில் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ன ஆகும்? அதேதான்! வண்டி நகராது, எஞ்சின் சூடாகும். பழுப்புக் கொழுப்பும் அப்படித்தான்: குளிர் பட்டதும் நரம்பு உத்தரவு போடும். அதன் செல்லில் கொழுப்பும் சர்க்கரையும் எரியும். யுசிபி 1 என்ற புரதம் அந்தச் சக்தியைச் சூடாகவே வெளியே விடும். பெரியவர்கள் உடம்பிலும் இது வேலை செய்கிறது என்று 2009-இல் நிரூபித்தார்கள்.

ஆனால் இந்தக் கொழுப்பு எங்கே சேர்கிறது? தாய் வயிற்றில், கடைசி மாதங்களில்! அந்த மாதங்களில் தாய்க்கே சோறு இல்லையென்றால்?

பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியை நான் மறக்க மாட்டேன். 2013. அகளி, புதூர், ஷோளயூர் ஊராட்சிகள். இருளர், முடுகர், குறும்பர் பழங்குடி வீட்டுப் பச்சைப்பிள்ளைகள் அடுத்தடுத்துச் செத்தன. தாய்க்கு ரத்தசோகை, பிள்ளைக்கு எடையில்லை. ராகியும் சாமையும் விளைந்த நிலம் கைமாறிப் போயிருந்தது. அப்போது சிலர் என்ன சொன்னார்கள்? அந்தப் பெண்கள் சரியாகச் சாப்பிடுவதில்லையாம்! பேர் சொல்ல மாட்டேன். நிலத்தைப் பிடுங்கியவனைக் கேட்க நாக்கு எழாதவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவளைக் குறை சொன்னார்கள்!

இந்தக் கொழுப்பு சேராமல் பிறந்த பிள்ளைக்குச் சூடு எங்கிருந்து வரும்? தாயின் நெஞ்சிலிருந்து! 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாதபோது, டாக்டர் எட்கர் ரே குறைமாதப் பிள்ளைகளைத் தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டவைத்தார். உலகமே அதை ஏற்றது. நான் பிறந்தபோது எங்கள் எஸ்டேட் லயத்து மருத்துவச்சிப் பாட்டியும் அதைத்தான் செய்தாள்: ஈரம் துடைத்தாள், அம்மாவின் வெறும் நெஞ்சில் என்னைப் போட்டாள், மேலே கம்பளியைப் போர்த்தினாள். அவளுக்கு எந்த மேடையிலும் மாலை விழவில்லை.

எனக்குப் பொன்னாடை வேண்டாம். அந்தக் காசுக்கு உங்கள் லயத்துக் கர்ப்பிணிக்கு ராகியும் பயறும் வாங்கிக் கொடுங்கள். பிள்ளை பிறந்ததும் குளிப்பாட்டாதீர்கள். துடைத்து, தாயின் நெஞ்சில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கவையுங்கள்!