சான்றிதழ் போனில் எங்கே இருக்கு?

(தோணிரேவில் இ-சேவை பயன்பாடு குறித்துப் பேசியதன் எழுத்து வடிவம்)



இ-சேவையில் வாங்கின சாதிச் சான்றிதழைப் போனில் இறக்கி வெச்சிருப்பீங்க. பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கிற அன்னைக்குக் கவுண்டரில் நின்னுகிட்டுத் தேடுவீங்க. பின்னால வரிசை நீளும். "போன்லதாங்க இருந்துச்சு"ன்னு சொல்வீங்க. இருக்கும்தான். எந்த இடத்துலன்னுதான் தெரியாது.

நம்ம பழவேற்காடு ஏரியில் பாடு முறை உங்களுக்குத் தெரிஞ்சதுதான். எந்த இடத்தில் யார் வலை, எந்த நாள் என்று முறை வகுத்திருப்பதால் சண்டை குறையுது. கம்ப்யூட்டருக்கும் அப்படி ஒரு பாடு தேவைப்பட்டுச்சு. யூனிக்ஸ் வழியில் வந்த லினக்ஸை ஆளாளுக்குத் தொகுத்தாங்க. கோப்புகளையும் ஆளாளுக்கு ஓரிடத்தில் வெச்சாங்க. ஒன்றுக்கு எழுதின மென்பொருள் இன்னொன்றில் தடுமாறுச்சு. அதனால் 1994 பிப்ரவரியில் பொது விதி ஒன்று வந்தது. அதுவே பின்னாளில் 'ஃபைல்சிஸ்டம் ஹையரார்க்கி ஸ்டாண்டர்டு' ஆச்சு, 3.0 பதிப்பு 2015-இல் வெளியானது. அமைப்புக் கோப்புகள் 'இடிசி'யில், வளர்ந்துகொண்டே போகும் பதிவேடுகள் 'வார்' என்ற அடைவில், உங்கள் சொந்தக் கோப்புகள் 'ஹோம்' அடைவில். 'டெம்ப்'னு ஒன்று இருக்கு. அங்கே போட்டது அடுத்த தடவையும் இருக்கும்னு எந்த நிரலும் நம்பக் கூடாதுன்னே விதி சொல்லுது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இந்த வழிதான்.

ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் லினக்ஸ் கருதான் ஓடுது. ஆனா அடைவுகளை அது தன் போக்கில் வெச்சிருக்கு. கேமரா படங்கள் 'டிசிஐஎம்' அடைவில் சேரும். அது ஜப்பான் கேமராக்காரர்கள் 1998-இல் வகுத்த விதியிலிருந்து வந்த பேர். பிரவுசரில் இறக்கியது 'டவுன்லோட்' அடைவில். சில செயலிகள் தங்களுக்கென்ற தனி அறையில் கோப்பை வெச்சிருக்கும். செயலியை நீக்கினா அந்த அறையும் காலி. இதுதான் பலரை ஏமாத்துது.

இன்னொன்று. பிடிஎஃப் சான்றிதழைத் திரையில் படம் பிடிச்சு வெச்சுக்கிறவங்க நிறைய பேர். பிடிஎஃப்பில் உள்ள மின்னணுக் கையொப்பம் அந்தப் படத்துக்கு வராது. பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். மூலக் கோப்பையே வைங்க.

இப்பவே போனை எடுங்க. 'ஃபைல்ஸ்' திறந்து 'டவுன்லோட்' போங்க. சான்றிதழைக் கண்டுபிடிச்சு, எண்ணும் எழுத்துமா இருக்கிற பேரை மாத்தி "சாதிச் சான்று" என்று எழுதி, கூடவே பிள்ளை பேரும் வருஷமும் போடுங்க. 'டாக்குமெண்ட்ஸ்' உள்ளே 'சான்றிதழ்கள்'னு ஓர் அடைவு போட்டு அதுக்கு நகர்த்துங்க. போன் தண்ணியில விழுந்தா எல்லாமே போயிடும். நம்ம தொழிலில் அது எப்பவும் நடக்கிறதுதானே! அதனால் டிஜிலாக்கரிலும் ஒரு பிரதி ஏத்திடுங்க. பேர் மாத்தத் தெரியாதவங்க கை தூக்குங்க, பக்கத்துல வரேன்.